பகைவரைக் குடும்பத்தார் என்று எழுதிய வரி: மொசாம்பிக்கில் அமைதி வந்த விதம்

[திரையில்: அருங்காட்சியகக் கூடம். கேமரா மெல்ல நகர்ந்து ஒரு நாற்காலியின் முன் நிற்கிறது.]

வணக்கம். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இந்த நாற்காலி இருக்கிறது. கால்கள், கைப்பிடிகள், முதுகுச் சாய்வு என இதன் ஒவ்வொரு பகுதியும் வெட்டி இணைக்கப்பட்ட துப்பாக்கித் துண்டுகளால் ஆனது. 2001ஆம் ஆண்டில் இதைச் செய்தவர் கெஸ்டர் என்னும் மொசாம்பிக் சிற்பி. இதில் சேர்ந்துள்ள துப்பாக்கிகளில் ஒன்றுகூட ஆப்பிரிக்காவில் தயாரானதன்று. எல்லாமே வெளியிலிருந்து வந்து இறங்கியவை. அந்தத் துப்பாக்கிகள் எப்படி ஓய்ந்தன என்பதுதான் இந்த வீடியோவின் பொருள்.

[திரையில்: ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரை, மொசாம்பிக் வரைபடம்.]

போர்த்துகலின் ஆட்சியில் இருந்த மொசாம்பிக், 1964 முதல் ஃப்ரெலிமோ இயக்கம் நடத்திய ஆயுதப் போராட்டத்தின் முடிவில், 1975 ஜூன் 25 அன்று விடுதலை பெற்றது. மார்க்சியப் பாதையை ஏற்ற புதிய அரசு, அண்டையிலிருந்த ரொடீசியாவின் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவர்களுக்கு இடம் கொடுத்தது. அதற்குப் பதிலடியாக ரொடீசிய உளவுத்துறை வளர்த்துவிட்ட படையே ரெனாமோ. 1980இல் ரொடீசியா ஜிம்பாப்வேயாக மாறியதும், ரெனாமோவைத் தாங்கிப்பிடிக்கும் வேலையைத் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் அந்நியர் கைவேலை என்று மட்டும் சொல்லி இந்தப் போரைக் கடந்துவிட முடியாது. மக்களைக் கூட்டுக் கிராமங்களில் குடியேற்றியதும், பரம்பரை ஊர்த்தலைவர்களை ஒதுக்கியதும், தேவாலயங்களை நெருக்கியதும் நாட்டுப்புறத்தில் அரசுமீது மனக்கசப்பை வளர்த்திருந்தன. அந்தக் கசப்பில்தான் ரெனாமோவுக்கு ஆள் கிடைத்தது. கிடைக்காத இடங்களில் சிறுவர்களைக் கடத்திச் சென்று துப்பாக்கி ஏந்த வைத்தார்கள். பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் எரிக்கப்பட்டன. பஞ்சமும் கூடச் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர்.

1980களின் இறுதியில் இரு தரப்புக்கும் வெற்றி எட்டாக்கனியாகிவிட்டது. ஆனாலும், ரெனாமோவை ஆயுதக் கும்பல் என்று மட்டுமே அழைத்துவந்த அரசு, கும்பலோடு ஒரே மேசையில் எப்படி அமரும்? ரெனாமோவும் அந்த அரசைச் சட்டப்படியானதாக ஏற்கவில்லை. யாரோடு பேசுவது என்பதே தீராத நிலையில், என்ன பேசுவது என்ற கேள்விக்கு எப்படிப் போக முடியும்?

[திரையில்: ரோம் நகரின் குறுகிய தெரு, பழைய கன்னியர் மடத்தின் சுவர்.]

இங்கேதான் யாரும் எதிர்பார்த்திராத சிலர் வருகிறார்கள். 1968இல் அந்திரேயா ரிக்கார்தி என்ற பள்ளி மாணவரும் அவருடைய நண்பர்களும் ரோமில் ஒரு சிறு குழுவைத் தொடங்கி, நகரின் புறஞ்சேரிகளில் வாழ்ந்த ஏழைகளுக்கு உதவி வந்தார்கள். த்ரஸ்தேவெரே பகுதியில் அவர்கள் கூடிய பழைய மடத்தின் பெயரால் அந்தக் குழு சாந்த் எஜீதியோ என்று அழைக்கப்பட்டது. அந்தக் குழுவோடு நட்புக்கொண்டிருந்த ஜைமே கொன்சால்வெஸ் பின்னாளில் மொசாம்பிக்கின் பெய்ரா நகருக்குப் பேராயரானார். தேவாலயங்களுக்கு அங்கே நேர்ந்த நெருக்கடியை அவர் எடுத்துச் சொன்னபோது, ரோம் நண்பர்கள் செய்த முதல் வேலை, இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் என்ரிக்கோ பெர்லிங்குவேரை அவர் சந்திக்க வழிசெய்ததாகும். மார்க்சிய அரசொன்று காது கொடுத்துக் கேட்கக்கூடியவர் இன்னொரு கம்யூனிஸ்டே என்ற அந்தக் கணக்கை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். பக்திமான்களிடம் இப்படியொரு சாமர்த்தியத்தை நாம் பொதுவாக எதிர்பார்ப்பதில்லை. அதன்பின் உணவும் மருந்தும் அவர்கள் வழியாக மொசாம்பிக்குக்குச் சென்றன. அரசின் நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கைகூடியது.

மறுபக்கத்துக்கும் ஒரு வழி தேவைப்பட்டது. 1988இல் பேராயர் கொன்சால்வெஸ் ரகசியமாகக் கொரொங்கோசா காட்டுக்குச் சென்று, ரெனாமோ தலைவர் அஃபோன்சோ த்லக்காமாவைச் சந்தித்தார். இருவருமே ந்தாவு மொழி பேசுபவர்கள். செய்திகளில் பேரழிவின் உருவமாகவே காட்டப்பட்ட ஒருவரோடு தாய்மொழியில் உட்கார்ந்து பேச முடிந்தது, அதுவரை எந்த அரசதந்திரியும் திறந்திராத கதவைத் திறந்தது.

1990 ஜூலையில் இரு தரப்பும் ரோமில் அந்த மடத்திலேயே முதன்முறை நேருக்கு நேர் அமர்ந்தன. அரசுத் தரப்புக்கு அமைச்சர் அர்மாண்டோ கெபுசாவும், ரெனாமோ தரப்புக்கு ராவுல் டொமிங்கோசும் தலைமை தாங்கினர். நடுநின்றவர்கள் நால்வர்: ரிக்கார்தி, மத்தேயோ சூப்பி என்ற இளம் பாதிரியார், பேராயர் கொன்சால்வெஸ், இத்தாலிய அரசின் சார்பில் மரியோ ரஃபாயெல்லி. இவர்கள் கையில் படை இல்லை. தடை விதிக்கும் அதிகாரமும் இல்லை. மொசாம்பிக்கில் இவர்களுக்கென்று எந்த ஆதாயமும் இல்லாததே இரு தரப்பும் இவர்களை ஏற்றதற்கு முக்கியக் காரணம். அந்த முதல் சந்திப்பின் கூட்டறிக்கை மிகச் சிறியது. தாங்கள் ஒரே நாட்டவர், மாபெரும் மொசாம்பிக் குடும்பத்தின் உறுப்பினர்கள் என்று இரு தரப்பும் அதில் ஒப்புக்கொண்டன. பிரிப்பதை ஒருபுறம் வைத்துவிட்டு இணைப்பதைத் தேடுவோம் என்றும் அதில் எழுதப்பட்டது.

[திரையில்: இரு கைகள் கையெழுத்திடும் ஓவியம்.]

இது வெறும் அலங்காரச் சொல் என்று தோன்றலாம். ஆனால் அதன் வேலையைக் கவனியுங்கள். 'கும்பல்' என்ற சொல்லை அரசு அந்த மேசையில் இனிப் பயன்படுத்த முடியாது. 'சட்டவிரோத ஆட்சி' என்ற சொல்லை ரெனாமோவும் பயன்படுத்த முடியாது. எந்த நிலமும் கைமாறவில்லை, ஒரு துப்பாக்கியும் கீழே வைக்கப்படவில்லை, ஆனால் எதிரே இருப்பவரை எந்தப் பெயரால் அழைப்பது என்பது தீர்ந்துவிட்டது. மற்றவையெல்லாம் இதற்குப் பின்னால், மிக மெதுவாக நகர்ந்தன. 1990 டிசம்பரில் பெய்ரா, லிம்போப்போ ஆகிய இரு போக்குவரத்துப் பாதைகளில் மட்டும் போர்நிறுத்தம் வந்தது. இடையிடையே பேச்சு முறிந்தது. ஊரில் கொலைகளும் நின்றபாடில்லை. 1991–92இன் கொடிய வறட்சி இரு படைகளையுமே பட்டினியில் தள்ளியது. கருணையால் மட்டுமே அமைதி வந்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். நிறவெறி அரசு தளர்ந்ததும், பனிப்போர் ஓய்ந்ததும், வயிறு காய்ந்ததும் சேர்ந்துதான் அவர்களை மேசைக்குத் தள்ளின. தள்ளப்பட்டு வந்தவர்களுக்கு உட்கார ஓர் இடமும், அவமானம் இல்லாமல் பேசுவதற்கான ஒரு முறையும் தயாராக இருந்ததுதான் அந்த மடத்தின் பங்கு. 27 மாதங்கள் கழித்து, 1992 அக்டோபர் 4 அன்று, அதிபர் ஜுவாக்கிம் சிசானோவும் த்லக்காமாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அந்த நாள் இன்றும் மொசாம்பிக்கில் அமைதிக்கும் நல்லிணக்கத்துக்குமான பொது விடுமுறை.

அதன்பின் ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப்படை வந்தது. 80,000க்கும் மேற்பட்ட வீரர்கள் ஆயுதம் களைந்து வீடு திரும்பினர். அவர்கள் பிழைப்பைத் தொடங்க இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை கிடைத்தது. 1994 அக்டோபர் தேர்தலில் ஃப்ரெலிமோ 129 இடங்களையும் ரெனாமோ 112 இடங்களையும் வென்று, ஒரே நாடாளுமன்றத்தில் அமர்ந்தன.

[திரையில்: கிராமப்புறம், ஆற்றோரம், புல்வேய்ந்த குடிசை.]

ஆனால் வீடு திரும்பியவன் எந்த வீட்டுக்குத் திரும்பினான்? தான் கொள்ளையடித்த ஊருக்கே திரும்பியவர்கள் இருந்தார்கள். விசாரணை ஆணையம் எதுவும் அமைக்கப்படவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான சில நாள்களிலேயே நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. அரசு கைவிட்ட இந்த வேலையைக் கிராமத்து மரபு வைத்தியர்களும் ஊர்ப் பெரியவர்களும் எடுத்துச் செய்தார்கள். போரில் கொன்றவனையும் கொலையைப் பார்த்தவனையும் இறந்தவர்களின் ஆவி தொடர்ந்து வரும் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்தத் தீட்டுக் கழியாமல் அவனை ஊருக்குள் விட்டால் ஊரே நோய்ப்படும். தென்பகுதியில், படை முகாமிலிருந்து மீண்ட சிறுவனைக் காய்ந்த புல்லால் கட்டிய சிறு குடிசைக்குள் நிறுத்தி, முகாமில் உடுத்தியிருந்த துணியைக் களையச் செய்து, குடிசைக்குத் தீ வைத்து, உறவினர் ஒருவர் அவனை வெளியே அழைத்து வருவார். துணியும் குடிசையும் எரிந்து சாம்பலாகும். பிறகு மூலிகை நீரில் குளிப்பாட்டுவார்கள். என்ன செய்தாய் என்று துருவிக் கேட்பதில்லை. குற்றத்தை அவனிடமிருந்து கழற்றி எரித்துவிட்டு, அவனைத் திருப்பி எடுத்துக்கொள்வதே இதன் உட்பொருள்.

கொரொங்கோசா பகுதியில் நடந்தது வேறு வகை. அங்கே போரில் இறந்த வீரர்களின் ஆவிகள், 'கம்பா' என்ற பெயரில், உயிரோடு இருப்பவர்கள்மேல் இறங்கி நியாயம் கேட்கின்றன. வைத்தியர் முன்னிலையில் ஆவி பேசும்போது, கொன்றவரின் குடும்பமும் இழந்தவரின் குடும்பமும் ஒரே இடத்தில் அமர்ந்து அதைக் கேட்டுப் பதில் சொல்லியாக வேண்டும். மறந்துவிடுங்கள் என்று தலைநகரம் சொன்னதை, மறக்க முடியாத ஊர் இப்படி ஒரு வாயைக் கண்டுபிடித்துப் பேசியது. ஆவியை நம்பாதவரும் இதிலுள்ள தேவையை மறுக்க முடியாது.

[திரையில்: துப்பாக்கிக் குவியலுக்கு அருகில் மண்வெட்டிகள், தையல் இயந்திரம்.]

1995இல் மொசாம்பிக் கிறிஸ்தவப் பேரவை, ஆங்கிலிக்கன் ஆயர் தினிஸ் செங்குலானேயின் முயற்சியில், இன்னொரு வேலையைத் தொடங்கியது. புதைத்து வைத்த துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தால், மண்வெட்டியோ தையல் இயந்திரமோ மிதிவண்டியோ கிடைக்கும். ஏன் வைத்திருந்தாய் என்ற கேள்வி இல்லை. வாங்கிய துப்பாக்கிகளை அறுத்துக் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். முதலில் பார்த்தோமே, அந்த நாற்காலி இந்தக் குவியலிலிருந்து எழுந்ததுதான்.

ரோமில் ஒருபுறம் வைக்கப்பட்டவை ஒருபுறமாகவே கிடந்துவிடவில்லை. மாகாணங்களை ஆள்வது யார், செல்வம் யாருக்கு என்ற கேள்விகள் பேசித் தீராமல் தங்கின; ரெனாமோ தன் தலைவருக்கெனச் சில ஆயுதக் காவலர்களையும் விட்டுக்கொடுக்கவில்லை. 2013இல் மீண்டும் துப்பாக்கிகள் வெடித்தன. 2018இல் த்லக்காமா காலமானபின், 2019 ஆகஸ்டில் மாப்புத்தோ நகரில் இன்னோர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 2023 ஜூனில் கொரொங்கோசாவில் ரெனாமோவின் கடைசி முகாம் மூடப்பட்டது. இதற்கிடையே, 2017 முதல் வடக்கே கபோ டெல்கடோவில் வேறு காரணங்களால் வேறொரு வன்முறை எரிகிறது. ரோமில் உதவிய முறை அங்கே அப்படியே பொருந்தாது, ஏனென்றால் யாரை எதிரே உட்கார வைப்பது என்பதே அங்கே தெளிவாக இல்லை.

2024 அக்டோபர் தேர்தல் முடிவை ஏற்க மறுத்து எழுந்த போராட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். புதிய அதிபர் டானியல் சாப்போவும், முடிவை எதிர்த்து நின்ற வெனான்சியோ மொன்ட்லானேயும் 2025 மார்ச் 23 அன்று மாப்புத்தோவில் முதன்முறையாக நேரில் சந்தித்துக் கைகுலுக்கினர்.

[திரையில்: மாப்புத்தோ நகரம், மாலை வெளிச்சம். ஒலி மெல்ல அடங்குகிறது.]