கல்மேட்டில் தப்பிய குள்ளன்

நேயர்களுக்கு வணக்கம். சிவப்புக் கூம்புத் தொப்பியும் வெண்தாடியுமாகத் தூண்டிலோ மண்வெட்டியோ ஏந்தி நிற்கும் தோட்டக் குள்ளர் பொம்மையைப் படத்திலாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரசனையற்றவர்கள் வாங்கும் மலிவுச் சரக்கு என்று அதைக் கண்டு முகஞ்சுளிப்பவர்கள் இங்கிலாந்தில் இன்றும் உண்டு. அந்நாட்டுத் தோட்டங்களுக்கு அதை அறிமுகப்படுத்தியவர் பரம்பரைப் பட்டம் பெற்ற ஒரு சீமான் என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

நார்தாம்டன்ஷயரில் உள்ள லாம்போர்ட் மாளிகையின் உரிமையாளரான சர் சார்ல்ஸ் ஐஷம்தான் அந்தச் சீமான். 1840களில் மாளிகையை ஒட்டி ஒரு பெரிய கல்மேட்டை எழுப்பத் தொடங்கிய அவர், அதன் இடுக்குகளில் குட்டை மரங்களை நட்டு, ஜெர்மனியிலிருந்து வாங்கிவந்த சுடுமண் குள்ளர்களை அங்கே குடியமர்த்தினார். பிறர் அதை வெறும் அலங்காரமாகக் கருதியிருக்கலாம். ஐஷம் அப்படிக் கருதவில்லை. ஆவியுலகத் தொடர்பில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், பூமிக்கடியில், சுரங்கங்களில், இத்தகைய குள்ளர்கள் மெய்யாகவே நடமாடுவதாக நம்பினார். ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளரிடையே நெடுங்காலமாக வழங்கிவந்த நம்பிக்கையும் அதுவே.

அவருடைய மகள்களுக்கோ இந்தக் குள்ளர்களைக் கண்டாலே ஆகாது. தந்தையின் காலத்துக்குப் பின் அவற்றைக் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு அப்புறப்படுத்தினார்கள் என்றுகூடச் சொல்வார்கள். கல்லிடுக்கு ஒன்றில் மறைந்துகிடந்த ஒரே ஒரு குள்ளன் மட்டும் தப்பிப் பின்னாளில் கண்டெடுக்கப்பட்டான். லாம்பி என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தச் சில அங்குலச் சுடுமண் பொம்மை 10 லட்சம் பவுண்டுக்குக் காப்பீடு செய்யப்பட்டிருக்கிறது.

இவற்றுக்கு இகழ்ச்சி வந்து சேர்ந்தது, என் கணிப்பில், விலை இறங்கியதால்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் துரிங்கியா வட்டாரத்துக் கிராஃபென்ரோடா ஊரில் பட்டறைகள் அச்சில் களிமண்ணை வார்த்துச் சுட்டு, வண்ணம் தீட்டி, ஏராளமாக விற்கத் தொடங்கின. சீமான் வீட்டுக் கல்மேட்டில் நின்றவரை வினோதம் எனப்பட்ட பொம்மை, சாமானியர் வீட்டு வாசலுக்கு வந்ததும் அருவருப்பாகிவிட்டது. பொம்மை மாறவில்லை, வாங்குகிறவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான்.

நேரம் நெருங்குவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். 1990களில் பிரான்சில் இவற்றைத் திருடிக் காட்டில் கொண்டுபோய் விட்ட ‘விடுதலை முன்னணி’யை விரிவாகச் சொல்ல இயலவில்லை. லண்டனின் செல்சி மலர்க் கண்காட்சி பல்லாண்டு விதித்திருந்த தடையை 2013இல், தன் நூற்றாண்டையொட்டித் தளர்த்தி, பிரபலங்கள் வண்ணம் தீட்டிய குள்ளர்களை அறப்பணிக்காக ஏலமும் விட்டது என்பதை மட்டும் குறிப்பிட்டு விடைபெறுகிறேன். வணக்கம்.