இன்பாக்ஸ் யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

சிறுதொழில் நடத்துகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இரண்டு கேள்விகள். "வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லியே பாதி நாள் போய்விடுகிறது, அந்த வேலையை வெளியே கொடுத்துவிடலாமா?" என்பது ஒன்று. "ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைக் கவனிக்க நேரமே இல்லை, ஏதாவது ஏஜென்சியிடம் விட்டுவிடலாமா?" என்பது மற்றொன்று. வேறு வேறு வேலைகளாக நினைத்துத்தான் கேட்கிறார்கள். முதலாவதைச் செலவு என்றும் இரண்டாவதை விளம்பரம் என்றும் எழுதிவைக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலைதான் என்பது என் கட்சி.

நடப்பதைப் பாருங்கள். ஏஜென்சிக்காரர் புதுச் சரக்கின் படத்தை அழகாகப் பண்ணிப் போடுகிறார். அரை மணி நேரத்தில் அதன் கீழே ஒரு கமெண்ட் விழுகிறது: "பணம் கட்டிப் பத்து நாளாச்சு, பார்சல் வரல, போனும் எடுக்க மாட்டேங்கிறீங்க." ஏஜென்சிக்காரரிடம் ஆர்டர் விவரம் கிடையாது. அவரால் முடிந்தது ஒரு கைகூப்பும் பொம்மையும், "இன்பாக்ஸுக்கு வாருங்கள்" என்ற ஒரு வரியும். அந்த மனிதரும் நம்பி இன்பாக்ஸுக்கு வருகிறார். அங்கே யாரும் இல்லை. குறை கேட்க வைத்த ஆள் மின்னஞ்சலையும் தொலைபேசியையும் மட்டும்தான் பார்க்கிறார். இன்பாக்ஸ் அவருடைய ஒப்பந்தத்திலேயே இல்லை. மூன்றாம் நாள் அதே மனிதர் திரும்பி வந்து, இந்த முறை ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதுகிறார். இத்தனைக்கும் உங்களிடம் பணம் வாங்குகிற இருவருமே சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

பதிவு போடுகிறவரும் பதில் சொல்கிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கமெண்ட்டைப் பார்க்கிறவருக்கு ஆர்டர் பட்டியலைத் திறந்து பார்க்க வழி இருக்க வேண்டும். அதேபோல, ஒரு சரக்கில் பழுது என்று நாலு பேர் சொல்லிவிட்டால், அந்தச் சரக்கின் விளம்பரம் அன்றைக்கே நிற்க வேண்டும். இருவருக்கும் நடுவில் பேச்சு இல்லாவிட்டால் அது நிற்காது.

சரி, எதை வெளியே கொடுக்கலாம்? ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1937இல் ஒரு கட்டுரை எழுதினார். எந்த வேலைக்கும் வெளியே ஆள் கிடைக்கும் என்றால் நிறுவனம் என்று ஒன்று எதற்கு என்பது அவர் கேள்வி. வெளியே வாங்குவதற்கும் ஒரு செலவு உண்டு: ஆளைத் தேட வேண்டும், பேரம் பேச வேண்டும், ஒப்பந்தம் போட வேண்டும். அந்தச் செலவு மிஞ்சிப்போகும் இடத்தில் வேலையை உள்ளேயே வைத்துக்கொள்வதுதான் லாபம் என்று அவர் காட்டினார். 1991இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்தக் கட்டுரை ஒரு முக்கியக் காரணம். சிறுதொழிலில் இந்தச் செலவு பெரும்பாலும் முதலாளியின் நேரமாகத்தான் போகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக விளக்க வேண்டிய வேலையை வெளியே கொடுத்தால் இருந்த வேலை இரட்டிப்பாகும். ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் நூறுமுறை செய்யலாம் என்கிற வேலையைக் கொடுங்கள். கணக்கு எழுதுவது, படங்களைத் திருத்துவது எல்லாம் அந்த வகை. பார்சல் எங்கே, வேறு அளவு இருக்கிறதா, பில் நகல் கிடைக்குமா என்று தினமும் வரும் கேள்விகளும் அப்படித்தான்.

ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பழைய உரையாடல்களை எடுத்து உட்கார்ந்து படித்து, அடிக்கடி வரும் கேள்விகளுக்கு உங்கள் வாயால் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே பதில் எழுதிக் கொடுங்கள். அதைச் செய்யாவிட்டால் வருகிறவர் தன் கையிருப்பில் உள்ள வாசகங்களைப் போடுவார். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்" என்பது அதில் தலையாயது. இந்த ஒரு வரியைத் தடை செய்யும் அதிகாரம் எனக்கு இருந்தால் நாளைக்கே செய்துவிடுவேன். அதற்குப் பதிலாக இப்படி எழுதிப்பாருங்கள்: "உங்கள் பார்சல் செவ்வாய்க்கிழமையே கிளம்பிவிட்டது. முகவரியில் கதவு எண் விட்டுப்போனதால் கூரியர் கிடங்கில் நிற்கிறது. எண்ணைச் சொன்னால் நாளைக்கு மறுபடி எடுத்து வருவார்கள்." இதில் வருத்தம் என்ற சொல்லே இல்லை, இருந்தாலும் படிக்கிறவரின் கோபம் பாதி இறங்கிவிடும்.

அப்புறம் அதிகாரம். "கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டுமே சொல்லத் தெரிந்த ஆளுக்குப் பணம் கொடுப்பது வீண். இவ்வளவு தொகை வரை யாரையும் கேட்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், உடைந்து வந்தால் படம் வாங்கிக்கொண்டு மாற்றுச் சரக்கு அனுப்பலாம் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். யாராவது ஏமாற்றிவிடுவார்களே என்பார்கள். சிலர் ஏமாற்றத்தான் செய்வார்கள். அந்தத் தொகையையும், ஒவ்வொரு சின்னப் புகாருக்கும் நீங்கள் போனை எடுக்கும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மறுபக்கம், உங்கள் கைக்கே வர வேண்டியவையும் உண்டு. உங்கள் பொருளால் ஒருவருக்குக் காயம், வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன் என்கிறவர், ஒரே புகாரை மூன்றாம் முறையாகச் சொல்கிறவர். இவர்களுக்கு வெளியாள் ஒரு வரிகூடப் பதில் எழுதக் கூடாது.

இனி, சாவி விஷயம், அதாவது கணக்கு யார் கையில் இருக்கிறது என்பது. அமெரிக்காவில் ஃபோன்டாக் என்ற செல்போன் விமர்சனத் தளத்தில் வேலை பார்த்த ஒருவர், நிறுவனத்தின் பெயரும் தன் பெயரும் சேர்ந்த ட்விட்டர் கணக்கில் எழுதி வந்தார். ஏறக்குறைய 17,000 பேர் பின்தொடர்ந்தார்கள். 2010இல் வேலையை விட்டவர், கணக்கின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அதிலேயே எழுதினார். 2011இல் நிறுவனம் வழக்குப் போட்டது. பின்தொடர்கிற ஒரு ஆளுக்கு மாதம் இரண்டரை டாலர் வீதம் எட்டு மாதத்துக்கு 3,40,000 டாலர் கேட்டார்கள். கடைசியில் சமரசமாக முடிந்தது, கணக்கு அவரிடமே நின்றது. 2013 ஜனவரியில் பிரிட்டனின் இசைக்கடை நிறுவனம் எச்எம்வி நொடித்துப்போய் ஆட்களை வேலையிலிருந்து நீக்கியபோது, நீக்கப்பட்டவர்களே அதை நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கணக்கில் நேரலைபோல எழுதித் தள்ளினார்கள். ட்விட்டரை எப்படி மூடுவது என்று மேலிடம் விசாரித்ததும் அதிலேயே பதிவானது.

பெரிய நிறுவனங்களுக்கே அந்தக் கதி. சிறுதொழிலில் பக்கத்தைத் தொடங்கியதே ஏஜென்சியின் மின்னஞ்சலில்தான் இருக்கும். ஓடிபி போவதும் அவர்கள் போனுக்குத்தான். கணக்கு உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் எண்ணிலும் இருக்கட்டும். ஃபேஸ்புக் பக்கத்தில் முழு அதிகாரம் தராமல், பதில் எழுத மட்டும், விளம்பரம் போட மட்டும் என்று பிரித்துக் கொடுக்க வசதி உண்டு. பாஸ்வேர்டைச் சொல்லவே தேவையில்லை. விளம்பரக் கணக்கும் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். ஏஜென்சியின் கணக்கில் ஓடினால், அவர்கள் போகும்போது எந்த விளம்பரம் எடுபட்டது என்ற பழைய விவரமும் கூடவே போய்விடும்.

வாட்ஸ்அப்பும் அப்படித்தான். 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் தயார் பதில், லேபிள், கடை மூடிய நேரத்துக்கான தானியங்கிச் செய்தி எல்லாம் இலவசமாகவே இருக்கின்றன. முதன்மை போன் உங்களிடம் இருக்க, நான்கு கருவிகள் வரை அதோடு இணைக்கலாம். வெளியாளின் கணினியை இணைத்துவிட்டு, வேண்டாதபோது ஒரு தட்டலில் நீக்கிவிடலாம். ஆனால் இணைத்தவருக்கு எல்லா உரையாடலும் தெரியும். வீட்டுப் பேச்சும் வியாபாரப் பேச்சும் ஒரே எண்ணில் ஓடுகிறதென்றால் முதலில் எண்ணைப் பிரியுங்கள். வாடிக்கையாளர்களின் முகவரியும் போன் எண்ணும் அதில்தான் கிடக்கின்றன. 2018 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலையை இன்னொருவரிடம் கொடுத்தாலும் பொறுப்பு கொடுத்தவரை விட்டு நீங்காது. சட்டம் இல்லாத இடத்திலும் வாடிக்கையாளர் உங்களைத்தான் கேட்பார்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாக ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால், ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்ற கணக்கு அன்று பலிக்கவில்லை. வாடிக்கையாளர் பட்டியலைத் தனியாக ஒரு கோப்பில் வைத்திருந்தவர்கள் எஸ்எம்எஸ் அனுப்பிச் சமாளித்திருப்பார்கள்.

மாதக் கடைசியில் ஏஜென்சியிலிருந்து வண்ண வண்ணமாக அறிக்கை வரும். லைக் இத்தனை, ஃபாலோயர் இத்தனை. நான் கேட்கச் சொல்வது வேறு: முதல் பதில் போக எவ்வளவு நேரம் ஆனது, ஒரே விஷயத்துக்காக ஒருவர் எத்தனை முறை திரும்பி வந்தார், பதில் தெரியாமல் நின்ற கேள்விகள் எவை. அதோடு வாரம் ஒருமுறை இருபது உரையாடல்களை நீங்களே எடுத்துப் படியுங்கள். அவர்கள் பொறுக்கித் தரும் இருபது வேண்டாம். உடையவன் பார்க்காத பயிர் உருப்படாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த இருபதில்தான் அடுத்த வாரத்துக்கான பதிவும் இருக்கிறது. என்ன போடுவது என்று தெரியாமல் ஏஜென்சிகள் பண்டிகை வாழ்த்தாகப் போட்டு நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். இதைத் தண்ணீரில் கழுவலாமா என்று ஒரே வாரத்தில் ஏழு பேர் கேட்டிருந்தால், அடுத்த வீடியோ அதுதான். உங்கள் கையாலேயே கழுவிக் காட்டுங்கள், அரை நிமிடம் போதும். அதற்கு அடுத்த வாரம் அதே கேள்வி எத்தனை பேரிடமிருந்து வருகிறது என்று இன்பாக்ஸில் எண்ணிப் பார்த்தால், ஏஜென்சிக்குக் கொடுத்த பணத்துக்கு வேலை நடந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.