அவர் ஏன் அப்படி வைச்சவர்?

(இரணைமடு வாய்க்கால் ஓரத்துக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில், சிறுவர்களுக்குச் சதுரங்கப் பலகைகள் வழங்கிய மாலையில் பேசியது)

தலைவர் அவர்களே, முன்பள்ளி ரீச்சர்மாரே, வயலிலிருந்து கால் கழுவிக்கொண்டு நேரே வந்திருக்கும் அப்பாமாரே, பின்வாங்கு அம்மாமாரே, பெட்டியை எப்போது உடைக்கலாம் என்று பாயில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

என் பேச்சுக்கு 'சதுரங்கமும் மூளை வளர்ச்சியும்' என்று தலைப்புப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். நான் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன். மூளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வேலை செய்யாது என்பதுதான். ஆகவே தலைப்பில் பாதியை இங்கேயே இறக்கி வைக்கிறேன்.

இன்னொன்றையும் முதலே சொல்லிவிட வேண்டும். சொன்னால் இரண்டு பேர் எழும்பிப் போகக்கூடும், பரவாயில்லை. "செஸ் விளையாடினால் ஸ்கொலர்சிப்புக்குப் புள்ளி கூடுமா சேர்?" என்று வாசலிலேயே ஒரு அம்மா கேட்டார். இங்கிலாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நூறு பள்ளிக்கூடங்கள், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள். பாதிப் பள்ளிக்கூடங்களில் வகுப்பு நேரத்திலேயே முப்பது மணித்தியாலம் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துக் கணக்குச் சோதனை வைத்துப் பார்த்தால், விளையாடிய பிள்ளைக்கும் விளையாடாத பிள்ளைக்கும் வித்தியாசம் இல்லை. 2016இல் அந்த அறிக்கை வந்தது. ஆர்மீனியாவில் 2011இலிருந்து சின்ன வகுப்புகளில் சதுரங்கம் ஒரு பாடமாகவே இருக்கிறது. அவர்களுக்கு அது எங்கள் ஊருக்குக் கிரிக்கெட் மாதிரி. நாங்கள் மட்டும்தான் எதைப் பார்த்தாலும் புலமைப்பரிசில் தராசில் போட்டு நிறுக்கிறோம். புள்ளிக்கு ரியூசன் இருக்கிறது. இந்தப் பலகையை விட்டுவிடுங்கள்.

சரி, பிறகு எதற்குப் பழக்குவது? அதற்கு என் பேத்தியிடம்தான் போக வேண்டும்.

அவளுக்கு ஐந்து வயது நடக்கும்போது தொடங்கினேன். படிப்பித்த கையல்லவா, முதல் நாளே முப்பத்திரண்டு காயையும் அடுக்கி, இது இப்படிப் போகும், அது அப்படிப் போகும் என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் பிள்ளை இல்லை. வேலியோரம் ஆட்டுக்குட்டிக்குக் கிளுவங்குழை கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. என் மனைவி சொன்னா, "அவளுக்கு விளங்கேல்ல எண்டா அது அவளின்ர பிழையே? வகுப்பிலயும் இப்பிடித்தானே செய்திருப்பியள்." முப்பது வருடத்துக்கும் சேர்த்து ஒரே வசனத்தில் அடித்தா.

அடுத்த நாள் சிப்பாய்களை மட்டும் வைத்தேன். அந்தப் பக்கம் எட்டு, இந்தப் பக்கம் எட்டு. அரசன் இல்லை, அரசி இல்லை. யாருடைய சிப்பாய் முதலில் மறுகரைக்குப் போகிறதோ அவர் வென்றவர். அவ்வளவுதான் சட்டம். ஆட்டம் ஐந்து நிமிடத்தில் முடியும், பிள்ளை இன்னொன்று கேட்கும். மூன்று கிழமை அதுவே போனது. பிறகு ஆளுக்கொரு அரசன். பிறகு கோட்டை. கப்பபிளாங்கா என்று கியூபா நாட்டுக்காரர், 1921இல் உலகச் சம்பியன் ஆனவர், காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று சொன்னவர். அவரே நாலு வயதில், தகப்பன் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தே பழகியவர். தகப்பன் குதிரையைப் பிழையாக வைத்ததை அந்த வயதில் பிடித்தாராம். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் விளையாடினால் பாதிப் பாடம் முடிந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சிப்பாய் நேரே போகும், எடுக்கும்போது கோணலாக எடுக்கும். பிள்ளைகள் எல்லாரும் தடுக்குப்படுகிற இடம் அது. "ஏன் நேரே நிக்கிறவரை எடுக்கேலாது?" என்றாள். எனக்கு மறுமொழி இல்லை. "அவையள் முகத்துக்கு முகம் பாத்தா வெக்கப்படுவினம்" என்று அவளே ஒன்று கண்டுபிடித்தாள். நானும் விட்டுவிட்டேன்.

இந்த 'எடுக்கிறது' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். காயை 'வெட்டுறது' என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்வோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். "இந்தா, குதிரையை வெட்டு. பாத்தியா, செத்திட்டார்." அடுப்படியில் இருந்து மனைவி வந்து நின்றா. "வெட்டு, சாவு எண்டு இந்த வீட்டுக்குள்ள கதைக்க வேண்டாம்" என்றா. அதன்பிறகு எங்கள் வீட்டில் எடுப்பது மட்டும்தான். ஒரு நாள் மனைவி பேத்தியைக் கேட்டா, "எடுத்த ஆக்கள் எங்க போறவை?" பிள்ளை பலகைக்கு வெளியே தான் வரிசையாக அடுக்கியிருந்ததைக் காட்டி, "அவையள் இதில நிண்டு பாக்கினம். அடுத்த ஆட்டத்துக்கு வருவினம்" என்றாள். மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டா. எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. இந்தச் சபையில் பலருடைய வீட்டிலும் தொங்குகிறது. அதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

குதிரை எல்லாருக்கும் கஷ்டம் என்பார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு அது கஷ்டமே இல்லை. 'ட' எழுதத் தெரிந்தால் போதும். கீழே இரண்டு கட்டம் இழு, பக்கத்தில் ஒன்று தள்ளு. நேரான ட, கவிழ்த்த ட, கண்ணாடியில் தெரிகிற ட. நடுப் பலகையில் நின்றால் குதிரைக்கு எட்டு ட, மூலையில் நின்றால் இரண்டே இரண்டு. அதை நான் சொல்லவில்லை. பலகையில் கச்சான் கொட்டை வைத்து எண்ணச் சொன்னேன், அவளே கண்டுபிடித்தாள். "மூலையில குதிரை பாவம்" என்றாள். குதிரையை ஓரத்தில் நிறுத்தாதே என்று ஒரு பயிற்றுநர் ஒரு மாதம் கத்தினாலும் அது இவ்வளவு ஏறாது. முறிகண்டிக் கச்சானுக்கு இப்படியும் ஒரு பிரயோசனம் இருக்கிறது. எண்ணி முடிய எட்டுக்கு ஆறுதான் மிஞ்சும், அது வேறு கதை.

ட என்றதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வரும். 2008, 2009இல் இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பங்கரை நாங்கள் ட மாதிரித்தான் வெட்டினோம். நேரே வெட்டினால் வாசலில் விழுவது உள்ளே வந்துவிடும். மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. கடைசியில் சாக்கும் முடிந்து, சேலையைத் தைத்து மண் நிரப்பினோம். பேத்திக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் கோட்டை கட்டுகிற ஆட்டம், அதுதான் அரசன் இரண்டு கட்டம் நகர, கோட்டை தாண்டி வந்து மற்றப் பக்கம் நிற்பது, அதைக் காட்டியபோது என் வாயில் தன்னாலே வந்தது: "ராசா பங்கருக்குள்ள போயிட்டார்."

"பங்கர் எண்டா என்ன அம்மப்பா?"

சண்டை நேரம் ஒளிக்கிற கிடங்கு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்றைக்கு அவளுடைய ராசா மூன்று சிப்பாய்க்குப் பின்னால் பங்கரில் இருந்தார். நான் கோட்டையைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் வைத்தேன். முன்னால் தன் சிப்பாய்களே மறித்துக்கொண்டு நிற்கின்றன, பக்கத்தில் கோட்டை வருகிறது. ராசா போக இடமில்லை. ஆட்டம் முடிந்தது. பிள்ளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பங்கருக்கு ரெண்டு வாசல் வேணும்" என்றாள். நான் திடுக்கிட்டேன். என் தகப்பனார் மண்வெட்டியோடு நின்று சொன்ன அதே சொல். அன்றிலிருந்து ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளி வைப்பதற்கு எங்கள் வீட்டில் 'வாசல் திறக்கிறது' என்று பெயர்.

காய்களின் பெயரில் சண்டை பிடிக்க வேண்டாம். சில வீட்டில் கோட்டை யானை. நாங்கள் இப்போது மந்திரி என்று சொல்கிற கோணல் காய் வேறு, பழைய ஆட்டத்தில் அரசனுக்குப் பக்கத்தில் நின்ற மந்திரி வேறு. அந்த மந்திரி கோணலாக ஒரே ஒரு கட்டம் போவார், அவ்வளவுதான் பலம். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் அந்த இடத்து அரசிக்குப் பலகை முழுக்க ஓட விட்டார்கள். "அப்ப முந்தி அம்மா வீட்டுக்குள்ளயே இருந்தவவோ?" என்று பேத்தி கேட்டாள். சரியாகத்தான் கேட்டாள்.

இனி, நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான்.

சின்னப் பிள்ளை தன் காயை மட்டும்தான் பார்க்கும். நான் இதை எடுக்கப்போகிறேன், நான் அங்கே போகப்போகிறேன். முன்னால் இன்னொருவர் இருக்கிறார், அவருக்கும் ஒரு எண்ணம் இருக்கிறது என்பது அதற்குத் தோன்றாது. பெரியவர்களில் பலருக்கும் தோன்றுவதில்லை, வேலிச் சண்டைகளைப் பார்த்தால் தெரியும். ஆகவே நான் ஒரே ஒரு கேள்விதான் பழக்கினேன். நான் காயை வைத்ததும் அவள் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "அவர் ஏன் அப்பிடி வைச்சவர்?" ஒரு காரணம் கண்டுபிடித்த பிறகுதான் கை வெளியே வரலாம். முதலில் காரணம் எல்லாம், "அம்மப்பாவுக்கு அந்த இடம் விருப்பம்" என்ற அளவில்தான் இருந்தது. ஒரு மாதத்தில், "என்ர கோட்டையைப் பாக்கிறார், ஆனா நான் காணேல்ல எண்டு நினைக்கிறார்" என்று வந்தது. அந்த வசனத்துக்குள் எத்தனை மடிப்பு இருக்கிறது என்று பாருங்கள்.

அது எனக்கே வினையாகவும் வந்தது. எல்லா அப்பப்பா அம்மப்பாமாரும் செய்கிற வேலையை நானும் செய்தேன். பிள்ளை அழப்போகிறதே என்று வேண்டுமென்றே அரசியைக் கொண்டுபோய் அவளுடைய சிப்பாய்க்கு முன்னால் கோணலாக வைத்தேன். கை தொடைக்குக் கீழே போனது. "அவர் ஏன் அப்பிடி வைச்சவர்?" யோசித்தாள். திரும்ப யோசித்தாள். ஒரு காரணமும் அகப்படவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "நீங்கள் வேணுமெண்டு தோக்கிறியள்" என்று பலகையைத் தட்டிவிட்டு எழும்பிப் போனாள். இரண்டு நாள் விளையாட வரவில்லை. தோற்றபோதெல்லாம் அவ்வளவு கோபம் வந்ததில்லை.

அதன்பிறகு நாங்கள் ஒரு ஒப்பந்தம் செய்தோம். ஆட்டம் தொடங்க முன்னமே என் அரசியைப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். அரசி இல்லாமல் நான் முழுப் பலத்தோடு விளையாடுவேன். இது களவில்லை, இரண்டு பேருக்கும் தெரிந்த விட்டுக்கொடுப்பு. அவள் வளர வளர அரசிக்குப் பதில் கோட்டை, பிறகு குதிரை. இப்போது எட்டு வயது. போன தைப்பொங்கலிலிருந்து எதையும் கழற்றுவதில்லை.

வேறு சில சில்லறை விசயங்கள். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் பழக்கியது அவருடைய தாய். பிரக்ஞானந்தா வீட்டில் முதலில் பலகைக்கு வந்தது அக்கா வைஷாலி. ரீவி பார்ப்பதைக் குறைக்கத்தான் அவரைச் சேர்த்துவிட்டார்கள். தம்பி அக்காவைப் பார்த்து வந்தவர், இரண்டு பேரும் கிராண்ட்மாஸ்டர். ஹங்கேரியில் ஜூடிட் போல்கர் 1991இல் பதினைந்து வயதில் அந்தப் பட்டம் எடுத்தபோது, அதுவரை எந்த ஆணும் அவ்வளவு சின்ன வயதில் எடுத்ததில்லை.

நாலு நகர்த்தலில் வெல்லுகிற தந்திரத்தை முதலில் பழக்காதீர்கள். ஒரு போட்டியில் பார்த்தேன், பிள்ளைகள் எல்லாம் அது ஒன்றையே மனப்பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஐந்தாவது நகர்த்தலுக்கு என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. போனில் விளையாடுவதும் எனக்கு அவ்வளவு பிடித்தமில்லை. போனுக்கு முகம் இல்லை.

நெல்மணிக் கதை எல்லாருக்கும் தெரியும், முதல் கட்டத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நாலு. நாங்கள் அதை முற்றத்தில் செய்து பார்த்தோம். முதல் வரிசை முடிய 255 மணி. எட்டாம் கட்டத்திலேயே 128 மணி இடம் காணாமல் வழிந்தது. இரண்டாம் வரிசை முடிய ஒன்றரைக் கிலோ வரும், மூன்றாம் வரிசை முடிய ஆறேழு மூட்டை என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, கோழிகள் முதல் வரிசையை முடித்துவிட்டன.

பேச்சு நீண்டுவிட்டது. பெட்டியில் பத்துப் பலகை இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற இந்த ஊர்ப் பிள்ளைகள் அனுப்பியது. வரும் வழியில் எங்கேயோ ஒரு வெள்ளைக் குதிரை தவறிவிட்டது. அதற்குப் பதில் ஒரு சோடா மூடியில் 'ட' எழுதி வைத்திருக்கிறோம். அதோ அந்த மூலைப் பலகையில் என் பேத்தி காயெல்லாம் அடுக்கிவிட்டு இருக்கிறாள். பெரியவர்கள் யாரும் முதலில் வந்து இருக்கலாம். வெட்கப்பட வேண்டாம், தன் அரசியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் விளையாடுவாளாம். அதை என்னையே அறிவிக்கச் சொன்னாள்.