எதிர்பார்ப்பு எதுவும் இல்லை: மனைவி பற்றிய நையாண்டியைப் படிப்பது எப்படி?

[திரையில் ஒரு மணமகள் தேவை விளம்பரம். வயதான பெண் குரல், அன்பாக வாசிக்கிறது.]

"மாப்பிள்ளை கோலாலம்பூரில் நல்ல வேலை, வயது 36. பெண் பட்டதாரியாக, மாதம் 5,000 வெள்ளிக்குக் குறையாமல் சம்பாதிப்பவராக இருக்க வேண்டும். காலை 5 மணிக்கு எழுந்து பசியாறலும் மதியச் சாப்பாடும் செய்துவிட வேண்டும். மாப்பிள்ளை பழையதைத் தொடமாட்டார். அம்மாவுக்கு மாலை 4 மணிக்கு மாத்திரையை எடுத்துக் கொடுக்க வேண்டும். தைப்பூசத்துக்கு வந்து தங்கும் சொந்தக்காரர்களை முகம் சுளிக்காமல் கவனிக்க வேண்டும். சம்பளக் கணக்கை மாப்பிள்ளையே பார்த்துக்கொள்வார். மற்றபடி எங்களுக்கு எதிர்பார்ப்பு எதுவும் இல்லை."

[விளம்பரம் திரையிலேயே இருக்கட்டும்.]

இந்த விளம்பரம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததல்ல, பிரித்துப் பார்ப்பதற்காக எழுதியது. ஒவ்வொரு வரியாகத் தனியே எடுத்துப் பாருங்கள். சம்பாதிக்கும் பெண் வேண்டும் என்பதில் தப்பில்லை. மாமியாருக்கு மாத்திரை கொடுப்பதும் பெரிய விஷயமில்லை. கோலாலம்பூரில் தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இதில் எந்த ஒன்றைச் சொன்னாலும் பக்கத்து இலைக்காரர் தலையாட்டுவார். அப்படியானால் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? கூட்டிப் பார்க்கும்போதுதான் வருகிறது. நல்ல நையாண்டி வரியை ஊதிப் பெரிதாக்காது. நடப்பதை நடக்கிறபடியே அடுக்கிவைத்துவிட்டு, கூட்டலை நம்மிடம் விட்டுவிடும்.

[4 மணி என்ற இடத்தில் வட்டம்.]

இந்த 4 மணியைக் கவனியுங்கள். 5,000 வெள்ளி சம்பளம் தரும் அலுவலகம் மாலை 5, 6 மணிக்கு முன் ஆளை விடாது. பிறகு எல்ஆர்டி ரயில் நெரிசல். 4 மணிக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார்? விளம்பரம் எழுதியவருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. இந்த வகை எழுத்தில் முதலில் தேட வேண்டியது, ஒன்றாக நடக்கவே முடியாத இரண்டு நிபந்தனைகள் பக்கத்துப் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் இடம். அடுத்து, எது இல்லை என்று பாருங்கள். மாப்பிள்ளை வீட்டில் என்ன செய்வார் என்று ஒரு வரிகூட இல்லை. சம்பளக் கணக்கைப் பார்ப்பார், அவ்வளவுதான். அதுவும் அவளுடைய சம்பளம்.

கடைசி வரியை எழுதியவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே ஒன்றும் கேட்கவில்லை என்று நம்புகிறார். அந்த நம்பிக்கைதான் அடி வாங்குகிறது.

[திரையில்: சான் பிரான்சிஸ்கோ, ஆகஸ்ட் 1970]

இதே உத்தியை உலகறியச் செய்தவர் அமெரிக்கரான ஜூடி பிரேடி. பெண்கள் வாக்குரிமை பெற்ற 50ஆம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், தனக்கு ஒரு மனைவி வேண்டும் என்று ஒரு கட்டுரை வாசித்தார். 1971 டிசம்பரில் அது 'மிஸ்' என்ற பெண்ணிய இதழின் முன்னோட்டப் பதிப்பில் அச்சானது. அதன் கூர்மை, பேசுபவர் யார் என்பதில் இருக்கிறது. பேசுபவரே ஒரு மனைவி. துணி தேய்த்துக்கொண்டிருக்கும்போது, விவாகரத்தான நண்பர் ஒருவர் புது மனைவி தேடுவது நினைவுக்கு வருகிறது. எனக்கும் அப்படி ஒருத்தி கிடைத்தால் என்ன என்று கேட்கிறார். கணவரைத் திட்டவே இல்லை. பட்டியல் பிள்ளை, துணி, விருந்தாளி என்று நகர்ந்து, இவளைவிடப் பொருத்தமானவள் கிடைத்தால் மாற்றிக்கொள்ளும் உரிமை வரை போகிறது. அடுக்கிய வரிசையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது: சின்னதில் தொடங்கியதால், பெரியது வரும்போது நாம் ஏற்கெனவே தலையாட்டிப் பழகியிருப்போம்.

நம்மிடமும் சரக்கு உண்டு. கல்யாண மேடையில் வாழ்த்துகிறேன் என்று சிலர் எடுத்துவிடும் 'கார்யேஷு தாசி' ஸ்லோகம்: வேலையில் பணிப்பெண், யோசனையில் மந்திரி, அழகில் லட்சுமி, பொறுமையில் பூமி, ஊட்டுவதில் தாய், படுக்கையில் ரம்பை. ஆறு பதவி, ஒரே ஆள். இதை அப்படியே வேலைவாய்ப்பு அறிவிப்பாக மாற்றி, சம்பளம், விடுப்பு என்ற இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டுப் பாருங்கள். ஒரு சொல்கூட மாற்ற வேண்டாம், நையாண்டி தயார்.

[திரையில்: மார்ச் 2020]

சில சமயம் நிஜமே நையாண்டியை முந்திக்கொள்ளும். 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அந்த மாதக் கடைசியில் மகளிர் அமைச்சின் தரப்பிலிருந்து சமூக ஊடகத்தில் சில அறிவுரைப் படங்கள் வந்தன: வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும் மேக்கப் போட்டு நன்றாக உடுத்துங்கள், கணவரை நச்சரிக்காதீர்கள், டோரேமான் என்ற கார்ட்டூன் பூனையின் குரலில் கொஞ்சிச் சொல்லுங்கள். கண்டனம் குவிந்தது, மன்னிப்பும் வந்தது. இதையே ஒரு நகைச்சுவைக் கலைஞர் எழுதியிருந்தால் கைதட்டியிருப்போம். அதனால் வாக்கியத்தை மட்டும் பார்த்தால் போதாது. யார், யாரிடம், எந்த அதிகாரத்தோடு சொல்கிறார் என்று பாருங்கள்.

"இப்போது யார் இப்படி இருக்கிறார்கள்" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மலேசியாவின் கசானா ஆய்வுக் கழகம் 2019இல் வெளியிட்ட நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு, பராமரிப்பு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 3.6 மணி நேரமும் ஆண்கள் 2.2 மணி நேரமும் செலவிட்டார்கள்.

[திரையில்: எங்கே சொதப்புகிறது?]

நீங்களே குறும்படமோ டிக்டாக்கோ எடுப்பதாக இருந்தால், வழக்கமாகச் சறுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறோம். ஆணுக்கு நைட்டி மாட்டி, கையில் பூரிக்கட்டை கொடுத்தால் சிரிப்பு மனைவி மேல்தான் விழும், எதிர்பார்ப்பு தப்பித்துக்கொள்ளும். கணவரைக் கொடுமைக்காரராகக் காட்டினாலும் போச்சு. பார்ப்பவர் 'நம்ம வீட்டுல அப்படி இல்லப்பா' என்று நகர்ந்துவிடுவார். அவர் இனிமையாகப் பேசட்டும், நன்றிகூடச் சொல்லட்டும், தட்டை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகட்டும். நிபந்தனைகள் ஆறு, ஏழு போதும். பன்னிரண்டாகிவிட்டால் பார்ப்பவர் கூட்டுவதை நிறுத்திவிடுவார். கடைசி வரி முடிந்த நொடியில் வெட்டுங்கள். சோக வயலின் போட்டு, பெண்களை மதிப்போம் என்று எழுத்து ஓட்டினீர்கள் என்றால், அதுவரை நெளிந்துகொண்டிருந்தவர் நிம்மதியாக லைக் போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.