ஐ ஆற்றின் வாயில் ஓர் ஊர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஓர் ஊரைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேச என்ன இருக்கிறது என்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர் கேட்டார். மாலை போதாதே என்பதுதான் என் கவலை.

ஊரின் பெயர் ஐமவுத். ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு மூலையில், இங்கிலாந்து எல்லையிலிருந்து சில மைல் தூரத்தில், வடகடலைப் பார்த்தபடி இருக்கிறது. ஐ என்னும் சிறு ஆறு அங்கே கடலில் கலக்கிறது. ஆற்றின் வாய் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். எல்லையோரத்து ஊர் என்பதால் 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கட்டினார்கள். உடன்படிக்கை எழுதிய கையோடு அதுவும் இடிக்கப்பட்டது. பெரியவர்கள் கட்டியதும் இடித்ததும் அவ்வளவுதான். ஊரின் கதை துறைமுகத்தில்தான் இருக்கிறது.

துறைமுகத்தின் எதிர்க்கரையில் கன்ஸ்கிரீன் மாளிகை என்று ஓர் அழகிய வீடு நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டியவர் ஜான் நிஸ்பெட் என்னும் வணிகர். அவர் கடத்தியது தேயிலை. அக்காலத்தில் பிரிட்டனில் தேயிலைக்கு 100 சதவீதத்துக்கும் மேல் வரி. சீனத் தேயிலை சுவீடனின் கோத்தன்பர்க் வழியாகக் கள்ளத்தனமாக வந்திறங்கியது. மாளிகைச் சுவருக்குள் தேயிலையைக் கொட்டி மறைப்பதற்கென்றே ஒரு குழாய்வழி இருந்தது. 1784-இல் வரியை 12.5 சதவீதமாகக் குறைத்தார்கள். கடத்தலில் இருந்த லாபம் போயிற்று. ஊருக்கு மிஞ்சியது மீன்தான்.

இனி நான் நிதானமாகச் சொல்ல வேண்டிய பகுதி.

மீனில் பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்கு உரியது என்றொரு பழைய வழக்கம் அந்த ஊரில் இருந்தது. தசமபாகம். வேறு பல துறைமுகங்களில் அது வழக்கொழிந்த பிறகும் ஐமவுத் மீனவர்களிடம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கேட்டு வாங்கினார்கள். உழவனுக்காவது நிலம் இருக்கிறது; கடலில் இருப்பது உயிரைப் பணயம் வைத்து எடுக்கும் பாடு. அதில் பத்தில் ஒன்றைக் கரையில் நிற்பவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று எழுந்து கேட்டவர் வில்லியம் ஸ்பியர்ஸ் என்னும் மீனவர். மீன்கொத்தி என்று பொருள்படும் பெயரில் அவரை ஊர் கொண்டாடியது. இன்று சந்தைத் திடலில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்தது. 1864-இல் ஓர் உடன்பாடு: 2,000 பவுண்டு கட்டினால் தசமபாகம் ஒழியும்.

தங்கள் மீன் தங்களுக்கே உரியது என்பதற்கு மீனவர்கள் கொடுத்த விலை அது. அதே காலத்தில் அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது நல்ல துறைமுகம். முகத்துவாரம் குறுகலானது; அதன் முன்னே ஹர்கர் என்னும் பாறைத்தொடர் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. புயலில் ஓடிவரும் படகுக்கு அது வாசல் அல்ல, பொறி. இந்தப் பணச்சுமை இல்லாதிருந்தால் துறைமுகத்தை முன்பே திருத்தியிருப்பார்கள் என்று கருதும் வரலாற்றாய்வாளர்கள் உண்டு. நானும் அப்படியே நினைக்கிறேன். அடுத்து நடந்ததைக் காற்றின் தலையில் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை.

1881 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய நாட்களில் வானிலை கெட்டுக் கிடந்ததால் தொழில் இல்லை. நம் கடற்கரையில் ஆயிரங்கால் தூண்டில் என்கிறோமே, அதுபோன்ற நீண்ட கயிறுகளில் ஹேடக் மீன் பிடிப்பவர்கள் அவர்கள். ஒவ்வொரு தூண்டில் முள்ளிலும் சிப்பிச் சதையை எடுத்துக் கோப்பது வீட்டுப் பெண்களின் வேலை. கோத்த இரை நாள்பட்டால் அழுகிவிடும். அன்று காலை வெயிலடித்தது, கடல் தூங்கியது. கரையில் இருந்த காற்றழுத்தமானி மட்டும் மிகத் தாழ்ந்து நின்றது; புயலுக்கு அறிகுறி அது. அதைப் பார்க்காமல் போகவில்லை. பார்த்துவிட்டுத்தான் போனார்கள். வீட்டில் காசு இல்லாதவனுக்கு அந்த ஊசியைவிட வெயில்தான் நம்பத் தகுந்ததாகத் தெரியும்.

நண்பகலில் வானம் இருண்டது. காற்று திடீரென்று விழுந்தது. பாயைச் சுருக்கவும் நேரமில்லாமல் சில படகுகள் நடுக்கடலிலேயே கவிழ்ந்தன. மற்றவை வீட்டை நோக்கி ஓடிவந்தன. வீட்டு வாசலில்தான் ஹர்கர் இருந்தது. மனைவியும் தாயும் பிள்ளைகளும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் படகுகள் நொறுங்கின. கரைக்கு வர முயலாமல் ஆழ்கடலுக்கே திரும்பியவர்களில் சிலர் பிழைத்தார்கள். ஏரியல் கெஸல் என்னும் படகு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது. அதற்குள் அதிலிருந்தவர்களுக்காக ஊர் அழுது முடித்திருந்தது.

அந்தக் கடற்கரை முழுவதும் சேர்த்து 189 பேர் இறந்தார்கள். அவர்களில் 129 பேர் ஐமவுத்காரர்கள். பக்கத்துப் பர்ன்மவுத்தில் 24 பேர். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஒரே படகில் போனவர்கள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்பனும் மகனும் மருமகனும் ஒன்றாகப் போன வீடுகளில் மறுநாள் அடுப்பு மூட்டியவர் யார்?

பெண்கள்தான் மூட்டினார்கள். நாடெங்கிலுமிருந்து நிவாரணப் பணம் குவிந்தது, உண்மை. ஆனால் ஊரைத் தூக்கி நிறுத்தியவை பெண்களின் கைகள். ஸ்காட்லாந்தின் மீனவப் பெண்கள் ஹெர்ரிங் மீன் பருவத்தில் படகுகளைத் தொடர்ந்து கடற்கரை நெடுக, இங்கிலாந்தின் யார்மவுத் வரை போய் வேலை செய்தவர்கள். மூவர் ஒரு குழு: இருவர் மீனைக் கீறிக் குடலெடுப்பார்கள், ஒருவர் உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்குவார். கத்தி படாமலிருக்க விரல்களில் துணிப்பட்டை சுற்றியிருக்கும், இருந்தும் படும், பட்ட இடத்தில் உப்பு ஏறும். நின்ற இடத்தில் நின்று, பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள் என்று படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பழைய கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் உண்டு. முறிந்த பாய்மரத்தின் வடிவம். நூற்றாண்டு நினைவாக 1981-இல் ஊர்ப்பெண்கள் 15 அடி நீளத்துக்கு ஒரு சித்திரத் திரைச்சீலையைத் தைத்து முடித்தார்கள். கரையில் நின்றவர்களுக்கு நினைவுச்சின்னம் எழ 2016 வரை ஆயிற்று. ஜில் வாட்சன் என்னும் சிற்பி வடித்த வெண்கல உருவங்கள்: மிகச் சிறியவை, விதவைகளும் பிள்ளைகளும் அன்று நின்றபடியே வரிசையாக நின்று கடலைப் பார்க்கிறார்கள். பெரிய சிலையாக வைக்காமல் விட்டது மிகச் சரி. குனிந்துதான் அந்த முகங்களைப் பார்க்க முடியும்.

இன்றைக்கு அந்தத் துறையில் மீன்பிடி சுருங்கிவிட்டது. கடலில் நிற்கும் ஒரு காற்றாலைப் பண்ணைக்குப் பராமரிப்புத் தளமாக அது இருக்கிறது. பண்ணையின் கேலிக் மொழிப் பெயருக்குக் காற்றின் வலிமை என்று பொருள்.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தில் ஒரு நாள் துறைமுகம் மீண்டும் மீனவர்களுடையதாகிறது. உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தியை ஹெர்ரிங் ராணியாகத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1939-இல் தொடங்கியது. பக்கத்து ஊரான செயின்ட் ஆப்ஸிலிருந்து அவள் மீன்பிடிப் படகில் கிளம்புகிறாள். கொடி கட்டிய படகுகள் சூழ வருகின்றன. சுவரோரமெல்லாம் ஊர் கூடி நிற்கிறது. பாட்டிகள் சிலர் ஒரு காலத்தில் அந்தப் படகில் ராணியாக வந்தவர்கள். ஹர்கர் பாறைகளைத் தாண்டிப் படகு அந்தக் குறுகிய வாய்க்குள் திரும்புகிறது, கரை கைதட்டுகிறது.

வணக்கம்.