பாடியவர்கள் காப்பாற்றிய சமயம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"நாட்டுப்புறப் பாடகர்களால் இன்றைய பேகன் சமயம் வாழ்கிறதா, வேடிக்கையாகிறதா?" இதுதான் தலைப்பு. வாழ்கிறது என்று பேச வந்திருக்கிறேன். கிறித்துவம் வருமுன் ஐரோப்பாவில் இருந்த வழிபாடுகளை இன்று மீட்டுப் பின்பற்றுகிறவர்களைத்தான் பேகன் என்கிறோம். நான் ஊர் ஊராக ஓடப் போவதில்லை. லிதுவேனியாவிலேயே நிற்கிறேன்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு மைக் முன்னால் பாடினால் அது கச்சேரிதான், வழிபாடு ஆகாது என்றார் எதிரணித் தலைவர். சரி. அந்தப் பாட்டு ஏன் மேடைக்கு வந்தது என்பதை அவர் சொல்லவே இல்லையே!

லிதுவேனியா 1387இல்தான் ஞானஸ்நானம் பெற்றது. ஐரோப்பாவில் கடைசியாக மதம் மாறிய நாடுகளில் அதுவும் ஒன்று. பழைய சமயத்துக்குக் கோயில் மிஞ்சவில்லை, பூசாரி மிஞ்சவில்லை. எழுதிவைத்த வேதமும் கிடையாது. மிஞ்சியது என்ன? வயலுக்குப் போன பெண்களின் வாயில் இருந்த பாட்டு. சூரியனைத் தாயே என்று கூப்பிடுகிற பாட்டு.

அதில் சுதார்த்தினேஸ் என்று ஒரு வகை. மூன்று பெண்கள் பாடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி தொடங்குவாள். அவள் முதல் பாதியை முடித்து அடுத்த பாதிக்குப் போகும்போது இரண்டாமவள் முதலிலிருந்து எடுப்பாள். பிறகு மூன்றாமவள். இரண்டு மெட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே போகும், 'ஸ'வும் 'ரி'யும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைப் போல. பழகாத காதுக்கு அபஸ்வரம். அவர்களுக்கோ அந்த உரசல்தான் இன்பமே! இருபதாம் நூற்றாண்டில் கிட்டத்தட்ட அழிந்துபோன இதை மீட்டது யார்? நாட்டுப்புற இசைக்குழுக்கள். 2010இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

லிதுவேனியா சோவியத் ஆட்சியில் இருந்த காலத்துக்கு வாருங்கள். பழைய தெய்வத்தைக் கும்பிடுகிறேன் என்று வெளியே சொல்ல முடியாது. நாட்டுப்புறக் கலை என்றால் ஓரளவு விடுவார்கள். 1967இல் கெர்னவே என்ற ஊரில் கோடைத் திருநாளான ரசோஸைக் கொண்டாடினார்கள். முன்னின்றவர்களில் ஒருவரான யோனஸ் த்ரின்கூனஸுக்கு 1973இல் பல்கலைக்கழக வேலை போயிற்று. மனுஷன் பாட்டை விடவில்லை. பாட்டு என்ற பெயரில்தான் சமயம் அந்தக் காலத்தைக் கடந்து வந்தது. அதையா வேடிக்கை என்கிறீர்கள்?

1990இல் அவரும் மனைவி இனியா த்ரின்கூனியேனேயும் கூல்கிரிந்தா இசைக்குழுவைத் தொடங்கினார்கள். லிதுவேனியாவின் பழைய சமயத்தை மீட்டுப் பின்பற்றுகிறவர்களின் அமைப்புக்கு ரோமுவா என்று பெயர். மேடையில் பாடுகிற அதே ஆட்கள்தான் ரோமுவா சமயத்தாரின் நெருப்பு வழிபாட்டிலும் பாடுகிறார்கள். ரொட்டியும் உப்பும் தீயில் இடும்போது பக்கத்தில் பாட்டு எழ வேண்டும். பாட்டு இல்லாமல் அந்தச் சடங்கு நடக்கிறதா என்று எதிரணி சொல்லட்டும்.

வேஷம் கட்டிப் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. நம் ஊர்த் தேருக்கு வருகிற எல்லோரும் சாமி கும்பிடவா வருகிறார்கள்? அதற்காகத் தேரை நிறுத்துவதில்லையே!

அப்புறம், இவர்கள் வெறும் கச்சேரிக்காரர்கள் என்றால் அரசாங்கத்தோடு ஏன் மல்லுக்கு நின்றார்கள்? ரோமுவாவுக்குச் சமய அங்கீகாரம் தர 2019இல் நாடாளுமன்றம் மறுத்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2021இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. அதற்குப் பிறகும் விடாமல் நின்று 2024 டிசம்பரில் அங்கீகாரம் வாங்கினார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2014இல் த்ரின்கூனஸ் காலமானார். அடுத்த தலைமைக் குருவாக ரோமுவா சமயத்தார் தேர்ந்தெடுத்தது யாரை? கூல்கிரிந்தாவை நடத்திய அதே இனியாவை. 2015இல் பொறுப்பேற்றார். மேடையில் பாடுகிறவர் என்று அவரை அந்த மக்கள் ஒதுக்கவில்லை. எதிரணியில் அடுத்துப் பேசப்போகிறவர் முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.