வீச்சுவலையும் பேஸ்பாலும்

நேயர்களுக்கு வணக்கம். நான் மண்டபம் பக்கம் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். பிசியோ என்றால்தான் ஊரில் தெரியும். பேஸ்பால் ஆடும் பிள்ளைகளின் இடுப்பைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். தெருவுக்கு நாலு கிரிக்கெட் மட்டை கிடக்கிற இந்தக் கரையில் பேஸ்பாலா என்று சிரிக்க வேண்டாம். பள்ளி விளையாட்டுகளில் அதுவும் இருக்கிறது, ஆடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

என் அப்பா வீச்சுவலை வீசுகிறவர். சின்ன வயதில் பறியைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பேன். வலையில் கொஞ்சத்தை முழங்கையில் போட்டு, மிச்சத்தைக் கையில் அள்ளி, உடம்பைப் பின்னால் ஒரு திருகு திருகுவார். முன்கால் மணலில் ஊன்றும். முதலில் இடுப்பு திரும்பும், தோளும் கையும் அப்புறம்தான். வலை வட்டமாக விரிந்து ஈயக்குண்டுகள் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும். நான் கையால் மட்டும் வீசிப் பார்ப்பேன். நனைந்த கோணி மாதிரி காலடியிலேயே தொப்பென்று விழும். “கையை விடுடா, இடுப்பைத் திருப்பு” என்பார்.

பேஸ்பாலில் பந்தை எறிகிற பிட்சர் செய்வதும் இதைத்தான். சுமார் 145 கிராம் பந்து, பெரியவர்கள் ஆட்டத்தில் 18.44 மீட்டர் தூரம். அதற்கான விசையில் பெரும்பங்கு காலிலும் இடுப்பிலும் பிறந்து, முதுகு வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. வலது கைப் பையன் இடது காலை முன்னால் ஊன்றியதும், அந்தத் தொடை எலும்பின் உருண்டைத் தலைமேல் இடுப்பெலும்பு சுழல வேண்டும். அந்த மூட்டு இறுகியிருந்தால் உடம்பு பாதித் திருப்பத்தில் நின்றுவிடும். ஆனால் பந்து போய்ச் சேர வேண்டுமே! மீதி வேலை தோள், முழங்கையின் தலையில் விழுகிறது. வளரும் பிள்ளைக்கு முழங்கையின் உள்பக்க எலும்பில் வளர்தட்டு, அதாவது எலும்பு வளர்கிற இடம், இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். நோவு அங்கேதான் வரும்.

இதைத் தெரிந்துவைத்திருந்தும் நான் கோட்டை விட்டிருக்கிறேன். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் முழங்கை வலி என்று வந்தான். மூன்று வாரம் முழங்கையையே பார்த்தேன். ஓய்வில் வலி போகும், எறிந்தால் திரும்பிவிடும். ஒருநாள் அவனைப் பெஞ்சில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, முட்டியை அசைக்காமல் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளச் சொன்னேன். பாதம் வெளியே போனால் தொடை உள்ளே சுழல்கிறது என்று பொருள். வலது கால் தாராளமாகப் போனது. இடது கால் அதில் பாதிகூடப் போகவில்லை. வலை வீசுகிறவர் மகன் இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டாமா?

ஏன் இறுகுகிறது? திடீரென உயரும் வயதில் எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும். பள்ளியில் பெஞ்சு, டியூஷனில் பெஞ்சு. “எங்கள் பிள்ளை குந்தி உட்கார்ந்து மீன் பிரிக்கிறானே, அவனுக்கு இடுப்பு இளக்கமாகத்தானே இருக்கும்?” என்று ஓர் அம்மா கேட்டார்கள். பாதி சரி. குந்தினால் இடுப்பு நன்றாக மடங்கும், குந்தியிருந்து பிட்சரின் பந்தைப் பிடிக்கிற கேட்சர் வேலைக்கு அது பெரிய வரம். ஆனால் சுழற்சி வேறு.

அதற்கு, மல்லாந்து படுத்து, முட்டிகளை மடக்கி, பாதங்களை அகல வைத்து, ஒரு முட்டியை உள்பக்கம் சாய்த்து 30 வினாடி விடுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு செய்வது நல்லது. ஆட்டத்துக்கு முன் காலை முன்னும் பின்னும் வீசிச் சூடேற்றினால் போதும்.

இளக்கம் மட்டும் இருந்து வலு இல்லையென்றாலும் ஆட்டம் காணும். பிள்ளையை ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். தூக்கிய கால் பக்கம் கால்சட்டைப் பட்டி சரிந்தால், ஊன்றிய கால் பக்கத்துப் பிட்டத் தசைக்கு வலு பத்தவில்லை. பழைய சைக்கிள் டியூபைக் கீறி முட்டிக்கு மேல் கட்டி, லேசாகக் குனிந்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கவிடுங்கள். முழங்கை வலியோடு வந்த அந்தப் பையன் கடற்கரையில் இப்படி நடந்தபோது கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அடுத்த வாரம் அவர்களும் டியூப் கேட்டார்கள்.

இடுப்பு சரியாக இருந்தாலும் எறிதலுக்குக் கணக்கு வேண்டும். அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் விதிப்படி 11, 12 வயதில் ஒரு நாளைக்கு 85 எறிதல்தான். 66-ஐத் தொட்டாலே அடுத்த 4 நாள் பிட்சிங் கிடையாது.

கடைசியாக ஒன்று, இது விளையாடாத பிள்ளைகளுக்கும்தான். 10 முதல் 16 வயதுக்குள், தொடை எலும்பின் தலை வளர்தட்டில் நழுவுவது உண்டு. சில பிள்ளைகளுக்கு வலி இடுப்பில் தெரியாமல் முட்டியில் தெரியும், பிள்ளை நொண்டும். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நாள் கடத்தாதீர்கள். அந்தக் காலை ஊன்றவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். முட்டியோடு இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். வணக்கம்.